சுஸ்பிரியா (1977): மொட்டை மாடியில் போட்டால் சிவப்பு அப்பிக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

ராயபுரம்:
ஞாயிறு ராத்திரி மொட்டை மாடியில் இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவின் திகில் படம் சுஸ்பிரியா போடுறோம். ஒத்திகை பார்த்தா சிவப்பு சாந்து பூசின மாதிரி இருக்கு, முகமே தெரியல. வசனமும் உதட்டோட ஒட்டல. ஃபைல் கோளாறா, ப்ரொஜெக்டர் கோளாறா? திரை 8 அடி அகல வேட்டி, ஸ்பீக்கர் ப்ளூடூத்.

பெரம்பூர்:
இந்தப் படத்தில் சிவப்பு கத்தும், ஆனா அப்பாது. ஒளிப்பதிவாளர் லூசியானோ டோவோலி விளக்குக்கு முன்னால் வண்ண வெல்வெட்டைக் கட்டி, முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வெச்சு எடுத்தார். பிரிண்ட் போட்டது டெக்னிகலர் முறையில்: மூணு சாயத்தையும் தனித்தனியா ஃபிலிம் மேல ஒத்துவாங்க. அதனால் எவ்வளவு அடர்ந்த சிவப்பிலும் கன்னமும் மூக்கு நிழலும் பிரிஞ்சு தெரியணும். ஆரம்பத்தில் மழையில் டாக்சி போகும் காட்சியை நிறுத்தி வெச்சுப் பாருங்க. முகம் தட்டையா இருந்தா ப்ரொஜெக்டர் ‘விவிட்’ல, அதாவது கலரைத் தூக்கிக் காட்டுற செட்டிங்ல இருக்கு. ‘சினிமா’வுக்கு மாத்தி, முகம் பிரியும்வரை கலரைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. எச்டிஆர் (ரொம்பப் பிரகாசமான திரைக்குன்னே செஞ்ச) ஃபைல் வேண்டாம், சின்ன ப்ரொஜெக்டரில் இருண்டுடும்.

ஒற்றை வேட்டி வெளிச்சத்தைப் பின்னால் விட்டுடும். பின்பக்கம் கறுப்புத் துணி கட்டுங்க. படத்தோட அகல-உயர விகிதம் 2.35:1, 8 அடி அகலத்துக்கு உயரம் 3 அடி 5 அங்குலம்தான் வரும். ஜூம் பண்ணி நிரப்பாதீங்க, கதை நடக்குற நடனப் பள்ளியே அந்த அகலத்தில்தான் இருக்கு. கடல் காத்துக்கு, கீழ் விளிம்பில் மணல் நிரப்பின பிவிசி பைப் கட்டுங்க.

காசிமேடு:
உதடு ஒட்டாததில் பாதி படத்தோடது. நடிகர்கள் வேறவேற மொழி பேசி நடிச்சு, பிறகு டப்பிங் செஞ்சது. மீதி ப்ளூடூத் தாமதம். உதட்டைப் பார்க்காம, கதவு சாத்துற சத்தத்தைப் பாருங்க. அதுவும் பிந்தினா வயர் போட்டே ஆகணும்.

முதல் காட்சியில் விமான நிலையக் கதவு திறந்தா மட்டும் காப்ளின் குழுவோட இசை கேட்கும், மூடினா அறுந்துடும். வால்யூமை அந்தக் காட்சியை வெச்சே முடிவு பண்ணுங்க. வசனம் கேட்கலன்னு ஏத்தினா பின்னால் இசை காதைக் கிழிக்கும். பெரிய சத்தத்தையும் சின்னச் சத்தத்தையும் சமமாக்குற ‘நைட் மோட்’ போட்டா அந்தத் திறப்பு-மூடல் வித்தியாசமே செத்துடும். அந்த இசையில் தபலாவும் இருக்கு, நம்ம காதுக்கு உடனே பிடிபடும்.

ராயபுரம்:
வயர் போட்டாச்சு, கதவுச் சத்தம் சரியா விழுது. கலரும் இறக்கியாச்சு, கன்னம் தெரியுது. எத்தனை மணிக்கு ஆரம்பிக்கலாம்?

பெரம்பூர்:
ஏழரைக்கு. படம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. 10 மணிக்கு மேல ஒலிபெருக்கிக்குத் தடை. சின்னப் பசங்களைக் கீழே அனுப்பிடுங்க தலைவரே, முதல் கொலை கால் மணி நேரத்துக்குள்ளேயே வந்துடும்.