விசிறியில் வலை சுற்றியது ஒரு நாள், தொல்லை வந்தது இருபது நாள் கழித்து

ஏரியூர் பட்டறைக்காரர்:

மேட்டூர் அணை 120 அடியில் நிரம்பி நிற்கும்போது நாகமரைத் துறையில் பார்க்கிற ஏரி வேறு, கோடையில் வற்றிய பிறகு பார்க்கிற ஏரி வேறு. நீர் இறங்க இறங்க பழைய அடிமரக் கட்டைகள் தலை காட்டும். அவற்றில் மாட்டிக் கிழிந்து, எடுக்க முடியாமல் விட்டுப்போன வலைகளும் கூடவே மேலே வரும்.

என் மைத்துனர் ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அதில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டுகிற எஞ்சின். நான் படகுக்காரன் இல்லை, டிராக்டரும் பவர் டில்லரும் பழுது பார்க்கிறவன். ஆனாலும் எங்கள் பக்கத்தில் படகு எஞ்சின் கெட்டால் அது என் பட்டறைக்குத்தான் வருகிறது.

போன கோடையில் ஒரு சாயங்காலம், அக்கரைப் பண்ணவாடியிலிருந்து திரும்பும்போது எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டு நின்றிருக்கிறது. மைத்துனர் என்னவென்று பார்க்காமல் கயிற்றை மூன்று முறை இழுத்து ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார். கெடுத்தது அந்த மூன்று இழுப்புதான். எஞ்சினைத் தூக்கிப் பார்த்தால், தங்கூசி (நைலான் நரம்பு) வலை, படகைத் தள்ளும் விசிறியின் தண்டில் முஷ்டி அளவுக்கு இறுகிக் கிடந்ததாம். அதற்குள் இரண்டு ஜிலேபி மீன் குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தனவாம். துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து, அரிவாளால் வலையை அறுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் படகு வழக்கம்போல ஓடியது. அதோடு எல்லோரும் மறந்துபோனோம்.

இருபது நாள் கழித்து, கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறது என்று எஞ்சினைக் கொண்டுவந்தார். கீழ்த் திருகைக் கழற்றினேன். கியர் ஆயிலுக்குப் பதிலாக, பால் தூக்கலாக விட்ட டீ போல ஒன்று கொழகொழவென்று இறங்கியது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. திருகின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை மட்டுமே ஒட்டியிருந்தது. அது தேய்மானத்தில் வருவது, பயமில்லை. மினுமினுக்கும் இரும்புச் சில்லுகள் இருந்திருந்தால் கியர் பல் போயிற்று என்று அர்த்தம்.

முதலில் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கினேன். விசிறியைக் கையால் சுற்றும்போது எஞ்சின் ஒரு மூச்சு விட்டாலும் விரல் போய்விடும். பிறகு பின்னைத் தட்டி, நட்டைக் கழற்றி, விசிறியை உருவினேன். அதன் பின்னால் இருக்கும் வாஷரையும் எடுத்தேன். அங்கே பச்சை நிறத்தில் ஒரு வளையம் உட்கார்ந்திருந்தது. கம்பெனியே போட்ட பிளாஸ்டிக் புஷ் என்றுதான் முதலில் நினைத்தேன். அத்தனை வழவழப்பு, அத்தனை வட்டம். ஸ்க்ரூ டிரைவரால் கீறியதும் உரிந்து இழை இழையாக வந்தது. எல்லாம் தங்கூசி! சுற்றிய சூட்டில் உருகி இறுகியிருக்கிறது. அதற்கு அடியில் இரண்டு இழைகள், தண்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டுக்குள்ளேயே புகுந்து, ரப்பரைப் பிளேடு போல அறுத்திருந்தன. தண்டில் நகத்தை ஓட்டினால் சீல் உட்காரும் இடத்தில் மாட்டியது, மெல்லிய பள்ளம்.

தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க என்னிடம் டயல் கேஜ் கிடையாது. ஒரு கம்பியை வளைத்து எஞ்சினின் உடம்போடு கட்டி, அதன் கூர் முனை தண்டின் நுனியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்து, நியூட்ரலில் சுற்றினேன். இடைவெளி மாறவில்லை. வளைந்திருந்தால் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் விலகும்.

சீல் இரண்டு, முதுகோடு முதுகாக. ஒன்று ஆயிலை உள்ளே நிறுத்த, மற்றது தண்ணீரை வெளியே நிறுத்த. அளவு சீலின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். தர்மபுரியில் பேரிங் கடையில் அதே அளவில் கிடைத்தது, ஆனால் நான் வாங்கவில்லை. சாதாரண சீலுக்குள் இருக்கும் சுருள் கம்பி ஓயாமல் தண்ணீரில் கிடந்தால் துருப்பிடித்து அறும். துருப்பிடிக்காத கம்பி உள்ளது கடலோரத்திலிருந்து பஸ்ஸில் வரும்வரை ஒரு வாரம் காத்திருந்தோம். புது சீலை அடித்து இறக்கும்போது ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி அடித்தேன். உதடு பழைய பள்ளத்தின் மேல் உட்காராமல் புது இடத்தில் உட்காரட்டும் என்றுதான்.

பிறகு அண்டாவில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கீழ்ப் பகுதியை முக்கி, ஆயில் துளை வழியாக சைக்கிள் பம்பால் 10 பவுண்டு காற்று கொடுத்தேன். பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். இதற்கு மேல் காற்று கொடுத்தால் புது சீலே பிதுங்கிவிடும். கால் மணி நேரம் ஒரு குமிழி கூட வரவில்லை. ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்றினேன். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும்.

ஒகேனக்கல் வாசகர்:

எங்கள் பரிசலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அண்ணா. வலை மாட்டினால் துடுப்பைத் தூக்கி உதறுவோம், அவ்வளவுதான்!

நாகப்பட்டினத்தில் வேலை பார்த்துத் திரும்பிய காரிமங்கலத்துக்காரர்:

உள்ளே டீசல் எஞ்சின் வைத்த படகென்றால் கதை வேறு. நான் ஓட்டிய படகில் கயிறு சுற்றி, விசிறித் தண்டு பின்னால் இழுபட்டது. எஞ்சின் உட்காரும் ரப்பர் கட்டைகளில் ஒன்று பிய்ந்தே போயிற்று. கரையில் ஏற்றி, எஞ்சினையும் தண்டையும் சேர்க்கும் இணைப்புத் தட்டுகளை நேர் பார்த்துவிட்டு இறக்கினோம். தண்ணீரில் மறுபடி அதிர்ந்தது. கரையில் கட்டைமேல் நிற்கும்போது படகின் உடம்பு ஒரு வாகில் இருக்கும், மிதக்கும்போது இன்னொரு வாகில் இருக்கும். அதனால் மிதக்கும்போதுதான் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தட்டுகளுக்கு நடுவே நாலு பக்கமும் நுழைத்துப் பார்க்க வேண்டும். தட்டின் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு வித்தியாசம் தாங்கும். 4 அங்குலத் தட்டென்றால் ஆயிரத்தில் 4 பங்கு. தண்டு வெளியே போகும் இடத்தில் சுற்றியிருக்கும் கிளாண்டு கயிறு, படகு ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கசியத்தான் வேண்டும். கசிவே கூடாதென்று இறுக்கினால் தண்டு கருகும்.

ஏரியூர்க்காரரிடம் ஒரு கேள்வி. விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் புஷ்ஷைப் பார்த்தீர்களா?

கிருஷ்ணகிரியிலிருந்து:

நான் பார்த்தது மிதிபடகு. ஏரியின் பெயர் வேண்டாம். ஆகாயத்தாமரையின் வேர் உள்ளே சுற்றிக்கொண்டது. குழந்தைகள் இன்னும் வேகமாக மிதிக்க, செயின் அறுந்தது. எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று மிதித்திருந்தால் வேர் தானாகவே கழன்றிருக்கும் என்றார் கரையில் நின்ற பெரியவர். அவர் சொல்லும்போது நாங்கள் நடு ஏரியில் இருந்தோம்.

ஏரியூர் பட்டறைக்காரர்:

காரிமங்கலத்துக்காரர் கேட்டது சரியான கேள்வி. அதைப் பார்க்காமல் விட்டது என் தவறு. வலை பிடித்து விசிறி திடீரென்று நிற்கும்போது, கியரைக் காப்பாற்ற அந்த ரப்பர்தான் வழுக்கிக் கொடுக்கிறது. ஒருமுறை வழுக்கியது மறுபடியும் வழுக்கும். எஞ்சின் அலறும், படகு நகராது. நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே விசிறியைக் கழற்றி, நடு உலோகக் குழலிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம்வரை மார்க்கரால் ஒரு நேர்கோடு போட்டு மாட்டினேன்.

அந்த வலை யாருடையது, அறுத்ததற்கு ஈடு கொடுத்தீர்களா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நாகமரைக்காரர்தான், எங்களுக்கு மாமா முறை. பாதி விலை கொடுத்தோம். "என் வலைக்கு மிதவை அறுந்துபோனது என் குற்றமும்தான், மாப்பிள்ளை" என்று மீதியை வாங்க மறுத்துவிட்டார். இப்போது வலையின் இரண்டு முனையிலும் வெள்ளை எண்ணெய் கேன் கட்டி மிதக்க விடுகிறார்.

நேற்று சாயங்காலம் விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். கோடு இரண்டாக உடைந்து, வெளிப் பாதி ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. ரப்பர் மாற்ற விசிறியை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியாயிற்று. அது வரும்வரை பண்ணவாடிக்கு மேட்டூரைச் சுற்றித்தான் போக வேண்டும்.