குளிருக்கு ஒதுங்கும் மரங்கள், வெள்ளித் தொட்டி, சிறைக்குப் போன அமைச்சர்: யார் அந்த அரசன்?

கனகராயன்_கரை

எங்கள் சனசமூக நிலையத்தில் பொது அறிவுப் போட்டி நடந்தது. கடைசிக் கேள்விக்கு ஓர் அணியும் வாயைத் திறக்கவில்லை. கேள்வியைத் தயாரித்தவரோ, விடை அடுத்த கூட்டத்தில்தான் என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார். அதுவரை பொறுக்க என்னால் ஆகாது. நான் குறித்துக்கொண்டு வந்த கேள்வி இதுதான்:

"ஓர் அரசன் தன் நிதி அமைச்சரைச் சிறையில் தள்ளினான். அமைச்சரின் மாளிகையில் இருந்த மரங்களின் மீதும் அவனுக்குக் கண். அவற்றையும் பெயர்த்துக்கொண்டு போனான். பின்னர் அவற்றுக்கென்றே அடுப்பு இல்லாத ஒரு வீடு கட்டினான். குளிர் வந்தால் மரங்கள் உள்ளே, வெயில் வந்தால் வெளியே. அரண்மனைக்குள் வெள்ளித் தொட்டியிலும் சில நின்றன. போர் வந்தது, தொட்டிகள் உருகின, மரங்கள் தப்பின. அரசன் யார்? மரம் எது?"

தயவுசெய்து இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லாதீர்கள். யோசித்து, காரணத்தோடு சொல்லுங்கள்.

நெடுங்கேணி_ஆசிரியை

மரத்துக்காக மனிதரைக் கெடுத்த அரசன் என்றதும் எனக்கு நன்னன்தான் நினைவுக்கு வருகிறான். குறுந்தொகையில் பரணர் சொல்கிறார்: குளிக்கப் போன பெண் ஒருத்தி ஆற்றில் மிதந்து வந்த மாங்காயை எடுத்துத் தின்றுவிட்டாள். அது நன்னனின் காவல்மரத்துக் காய். அவள் உயிருக்கு ஈடாக 81 யானைகளும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் கேட்கவில்லை, கொன்றுவிட்டான். பிறகு கோசர் என்ற குடியினர் அந்த மாமரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு காய்க்கு 81 யானை வந்தும் போதாதாம்! என் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முதலில் கேட்பது, அந்த மாங்காய் புளித்ததா இனித்ததா என்பதைத்தான்.

ஆனால் குளிரும் வெள்ளித் தொட்டியும் இங்கே இடிக்கின்றன. நம் பக்கத்து அரசன் அல்லன்.

வவுனியா_வாசகன்

உஸ்மானியச் சுல்தான் மூன்றாம் அகமது (1703–1730) என்பது என் ஊகம். துலிப் பூ மேல் பித்துப் பிடித்துத் திரிந்த காலம் அது. கிழங்கின் விலையை அரசே நிர்ணயித்தது. 1730 கலகத்தில் பிரதம அமைச்சர் கொல்லப்பட்டார், சுல்தான் பதவி இழந்தார். அமைச்சர், செடி இரண்டும் இருக்கின்றன அல்லவா?

அதுவும் இல்லாவிட்டால் ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) இயெமித்சு. அவர் போற்றிய பைன் மரம் இன்றும் தோக்கியோ அரண்மனையில் தொட்டியில் உயிரோடு நிற்கிறது.

நாற்றுமேடை_மாங்குளம்

அரசனை விடுங்கள், மரத்தைப் பிடியுங்கள். அரசன் தானாகப் பின்னால் வருவான்.

துலிப் கிழங்குக்குக் குளிர் வேண்டும். குளிரில் மண்ணுக்குள் கிடந்தால்தான் பூவே வரும், அதற்கு வீடு கட்டுவது வீண் செலவு. பைன் பனியில் நின்று பழகிய மரம். கேள்வியில் வருவது குளிரைத் தாங்காதது, இலை உதிர்க்காதது, தொட்டியில் ஆண்டுக்கணக்காக நிற்கக்கூடியது. அப்படிப் பார்த்தால் எலுமிச்சைக் குடும்பம்தான். தோடை (ஆரஞ்சு) என்று வையுங்கள், கதை பொருந்துகிறது.

பிரான்சின் பதினான்காம் லூயி. அமைச்சர் நிக்கொலா ஃபூக்கே. வோ-லெ-விக்கோம்ட் என்ற மாளிகையைக் கட்டி, 1661 ஆகஸ்ட் 17 அன்று அரசனுக்கே விருந்து வைத்தார். மூன்று வாரம் ஆகவில்லை, செப்டம்பர் 5 அன்று கைது. 1680 இல் சிறையிலேயே செத்தார். மாளிகையைக் கட்டிய லெ வோ, ஓவியர் லெ பிரன், தோட்டம் அமைத்த லெ நோத்ர் மூவரையும் அரசன் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டான். தோடை மரங்களும் அரசன் தோட்டத்துக்கு வண்டி ஏறின. ஃபூக்கே செய்த குற்றத்தில் பாதி, அரசனைவிட நல்ல தோட்டம் வைத்திருந்தது என்பேன்.

வீடு என்பது அவனுடைய வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டிய தோடைக் கூடம். நடு மண்டபம் மட்டும் 150 மீற்றருக்கு மேல் நீளம். தெற்கு பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல்கள், மீற்றர் கணக்கில் தடித்த சுவர். பகலில் வாங்கிய வெயிலைச் சுவர் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுப்பே தேவையில்லை. இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டி மரங்கள் மே மாதம் வெளியே வந்து ஒக்டோபரில் உள்ளே போகின்றன. வெள்ளித் தொட்டிகளை 1689 இல் போர்ச் செலவுக்காக மற்ற வெள்ளிச் சாமான்களோடு உருக்கிவிட்டார்கள்.

எனக்கு மாளிகையைவிட அவர்கள் மரம் வைக்கும் பெட்டிதான் பெரிது. சதுரமான மரப்பெட்டி, இரும்புப் பட்டை, பக்கப் பலகையைக் கதவு போலத் திறக்கலாம். நான் பிளாஸ்டிக் பரலைப் பாதியாக அறுத்து அதில் தேசி வைத்திருக்கிறேன். வேர் பரலின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றிப் பாய் பின்னியது போல் இறுகிவிடும். பார்க்க வேண்டுமென்றால் பரலை வெட்ட வேண்டும், இல்லையேல் மரத்தைச் சரித்து இரண்டு பேர் இழுக்க வேண்டும். அவர்களோ பலகையைத் திறந்து, அழுகிய வேரை நறுக்கி, புது மண் போட்டு மூடிவிடுகிறார்கள். இதை நம்மூர்த் தச்சரிடம் சொல்லி ஒன்று செய்விக்கப் போகிறேன், முதிரைப் பலகையில்.

அங்கே கண்ணாடிக்குள் வெயிலைச் சேர்த்தார்கள். நான் சோளகம் அடிக்கும் மாதங்களில் நிழல்வலை கட்டி வெயிலைத் துரத்துகிறேன்.

கனகராயன்_கரை

ஐயா, இது விடை அல்ல, தீர்ப்பு! ஒரு சந்தேகம். இத்தனை பாடும் பழத்துக்காகவா?

நாற்றுமேடை_மாங்குளம்

தம்பி, அதில் பெரும்பாலானவை கசப்புத் தோடை, நம் நாரத்தைக்குக் கிட்டிய சாதி. உரித்துத் தின்ன முடியாது. அவனுக்கு வேண்டியது பூ. மண்டபமெல்லாம் அந்த வாசம் நிற்க வேண்டும், அதுவும் பனிக்காலத்தில். வெளியே ஒரு பச்சை இலை இல்லாதபோது உள்ளே பூத்த தோடையை வெளிநாட்டுத் தூதுவருக்குக் காட்டுவதில்தான் கெத்து.

நெடுங்கேணி_ஆசிரியை

அப்படியானால் பெட்டியைக் கண்டுபிடித்தவருக்குத்தான் முழுப் புள்ளி. போகட்டும், உங்களிடம் ஒட்டுத் தோடங்கன்று இருக்கிறதா? பாடசாலை வளவில் இரண்டு வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

நாற்றுமேடை_மாங்குளம்

இருக்கிறது, ஆனால் இப்போது தரமாட்டேன். ஐப்பசி மழை விழட்டும். இந்த வெயிலில் வைத்தால் விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பட்டுப்போகும், பிறகு கன்று சரியில்லை என்று என்னைத்தான் ஏசுவீர்கள்.