கழியில் கயாக், திட்டில் டென்ட்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

காட்பாடி நண்பர்:
ஆலம்பரைக் கோட்டைப் பக்கத்துக் கழி, கடல்நீர் ஏறி இறங்குகிற உப்பங்கழி. வேன், சாப்பாடு, யார் யார் வந்தார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். 1760இல் ஆங்கிலேயர் இடித்துப் போட்ட சுவரைத் தாண்டி இறங்கினால் கழி, கழியைக் கடந்தால் மணல் திட்டு, அதற்கு அந்தப் பக்கம் கடல். ராத்திரி திட்டில் டென்ட் போட்டோம். காலையில் பார்த்தால் கயாக் கட்டியிருந்த இடத்தில் தண்ணீரே இல்லை, முழங்கால் வரை உள்ளே இழுக்கிற கருஞ்சேறு. சரி, ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் தள்ளி, தண்ணீர் மிச்சம் இருந்த பள்ளத்தில் ஒரு வயதான இருளர் அம்மா. பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, தாடை தண்ணீரில் படுகிற மாதிரி குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். வலை இல்லை, படகு இல்லை, வெறும் விரல்கள்தான். எங்களைப் பார்த்ததும் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எந்த ஊரு சாமி?" என்றார். வேலூர் என்றேன். "எங்க சின்னப் பொண்ணு ஆற்காட்டுப் பக்கம் அரிசி மில்லுல இருக்குது, தீபாவளிக்குக்கூட அனுப்பல." மில் பேர் கேட்டேன், தெரியவில்லை. மறுபடி பறியைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அந்த "அனுப்பல" இன்னும் என்னை விடவில்லை. வரவில்லை என்று சொல்லவில்லை பாருங்கள். நம்ம பக்கம் மில்லிலும் சூளையிலும் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டதாக எத்தனை தடவை பேப்பரில் படித்திருக்கிறோம்.

ராணிப்பேட்டை:
நான் பழவேற்காடு போனவன். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்புநீர் ஏரி, ஆனால் பெரும்பாலான இடத்தில் இறங்கி நின்றால் இடுப்பளவுகூட வராது. ஏற்பாடு செய்தவர் கயாக் உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, அங்கே போனதும் படகுக்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு மீனவர் மட்டும் நின்று பேசினார்: "2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு எத்தனை பேரை நாங்க தண்ணியிலேர்ந்து தூக்கினோம் தெரியுமா? நான் தூக்கினதுல ஒண்ணு கைக்குழந்தை." அன்றைக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள், அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. அவர் சொல்லும்போது தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார், அந்தக் கை அளவுதான் எனக்கு ஞாபகம். கரையிலேயே நின்று பூநாரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். காட்பாடி நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், திட்டில் ராத்திரி தங்குவதே தப்பு என்பேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, ஏதாவது ஆனால் எங்கே ஓடுவீர்கள்?

ஆம்பூர் அக்கா:
ராணிப்பேட்டைத் தம்பி, எல்லாவற்றுக்கும் தப்பு தப்பு என்றால் யாரும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. எங்கள் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள், குப்பத்தில் கேட்டு அவர்கள் காட்டிய மேட்டில்தான் தங்கினோம், பயமே இல்லை. ராத்திரி கை கழுவக் கழிக்குள் இறங்கினேன், விரல் பட்ட இடமெல்லாம் நீலமாகப் பற்றிக்கொண்டது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையெல்லாம் அலை நீலமாக ஒளிர்ந்ததே, அதே நுண்ணுயிர் வகையாக இருக்கும். கையை ஆட்டினால் ஒளி, நிறுத்தினால் இருட்டு. என் மகள் போதும் வா வா என்று கூப்பிட்டும் எனக்கு மேலே ஏற மனசே வரவில்லை.

குடியாத்தம்:
நானும் போயிருக்கிறேன், காற்றில் டென்ட் பறந்தது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் இங்கே யாரும் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது பற்றிப் பேசவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள், தண்ணீர் வந்தால் 2021 நவம்பர் மாதிரி ஒரேயடியாக வரும், இல்லாவிட்டால் இல்லை. கழி அப்படிக் கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும், அந்த நேரமும் தினம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். முகத்துவாரம் குறுகலாக இருந்தால் கடலில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் கழிக்குள் தெரியும், அதனால் போனில் பார்க்கிற கடல் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள், வலை போடுகிறவர்களைக் கேளுங்கள். அப்புறம் காற்று. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், திட்டை நோக்கித் துடுப்புப் போட்டால் தோள் கழன்றுவிடும், காலையிலேயே கடந்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள், காதுவரை ஏறினால் அது உங்கள் சைஸ் இல்லை. கயாக் கவிழ்ந்தால் அதை விட்டுவிட்டு நீந்தாதீர்கள், அது மிதக்கும், பிடித்துக்கொள்ளுங்கள். மணலில் டென்ட் முளை நிற்காது, பைக்குள் மணல் நிரப்பிக் கயிறு கட்டிப் புதையுங்கள். குடிநீர் நினைப்பதைப் போல இரண்டு பங்கு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் போகவே வேண்டாம்.

வாணியம்பாடி:
குடியாத்தத்துக்காரர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் முதல் ஆள் சொன்னது டென்ட் முளையைப் பற்றி இல்லையே! நானும் பெரிய கதையோடுதான் வந்தேன், மில்லில் இருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததும் என் கதையை எழுதத் தோன்றவில்லை. 1976 சட்டப்படி கொத்தடிமையாக வேலை வாங்குவதே குற்றம், முன்பணக் கடனும் செல்லாது. கலெக்டரிடமோ கோட்டாட்சியரிடமோ யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. விசாரணையில் உறுதியானால் விடுவிப்புச் சான்று கொடுப்பார்கள். கைச்செலவுக்கு ஏதோ கொடுத்து அனுப்பினால் போதாது, அந்தச் சான்று கைக்கு வந்தால்தான் அரசு உதவி கிடைக்கும். பெண்ணின் பெயராவது வேண்டும்.

காட்பாடி நண்பர்:
ராணிப்பேட்டை நண்பருக்குக் கோபமில்லை, அந்த மீனவர் பேச்சை எங்கள் குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். குடியாத்தம் நண்பரே, அன்றைக்குப் பௌர்ணமிக்கு மறுநாள்தான். வாணியம்பாடி சொன்னபடி, எங்களுக்குக் கயாக் கொடுத்த பையனுக்குப் போன் போட்டேன், அந்த அம்மா வீடு அவனுக்குத் தெரியுமாம். பெண்ணின் பெயர், போன வருஷம் கூட்டிப்போன ஆள் யார், இரண்டும் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான். வந்ததும் ராணிப்பேட்டை கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கப்போகிறேன். ஆற்காட்டுப் பக்கம் மில்களுக்கு லோடு ஏற்றிப் போகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.