டிவிடி 4.7 ஜிபி, ஐஎஸ்ஓ 4.5 ஜிபி தான், ஆனாலும் இடம் பத்தலனு வருது

கடல்நாரை:
வணக்கம். ஒரு பழைய டெஸ்க்டாப்ல லினக்ஸ் போடலாம்னு ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்க்கோட இமேஜ் ஃபைல்) டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன். அந்த மெஷின் பென்டிரைவ்ல பூட் ஆகாது, பயாஸ்ல (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற செட்டப்) அந்த ஆப்ஷனே இல்ல, அதனால டிவிடி தான் வழி. விண்டோஸ் 10ல ரைட் க்ளிக் பண்ணி பர்ன் டிஸ்க் இமேஜ் குடுத்தா டிஸ்க்ல இடம் பத்தலனு சொல்லுது. ஃபைல் 4.5 ஜிபினு தான் காட்டுது, டிஸ்க்ல 4.7னு தெளிவா போட்டிருக்கு, வேற புது டிஸ்க் மாத்திப் போட்டாலும் அதே தான். டூப்ளிகேட் டிஸ்க்கா இருக்குமோ? இல்லனா ஐஎஸ்ஓவ செவன்ஸிப் சாஃப்ட்வேர்ல பிரிச்சு, தேவையில்லாத ஃபோல்டர விட்டுட்டு மீதிய மட்டும் டிவிடில காப்பி பண்ணா பூட் ஆகுமா? யாராச்சும் சொல்லுங்க.

பிட்பைட்:
டிஸ்க் மேல தப்பில்ல ப்ரோ, டிஸ்க்கும் விண்டோஸும் ஜிபிய வேற வேற மாதிரி எண்ணுது. டிஸ்க் விக்கிறவங்களுக்கு ஒரு ஜிபினா நூறு கோடி பைட், அப்போ 4.7 ஜிபிங்கறது 470 கோடி பைட், கூட ஏதோ கொஞ்சம். விண்டோஸ் பைட்ட 1024ஆல மூணு தடவ வகுத்துட்டு அதுக்கும் ஜிபினே பேர் போடுது, அந்தக் கணக்குல ஒரு ஜிபி 107 கோடி பைட்டத் தாண்டும். உங்க 4.5 ஜிபி ஃபைல் கிட்டத்தட்ட 483 கோடி பைட். அதே விண்டோஸ் கணக்குல உங்க டிவிடி வெறும் 4.38 ஜிபி தான். ஃபைல் மேல ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க, ஜிபி பக்கத்துலயே முழு பைட் எண்ணிக்கையும் இருக்கும், எப்பவும் அதத் தான் நம்பணும்.

டிஸ்க்கோட அளவுக்கு மேல கொஞ்சம் எழுதற ஓவர்பர்ன்னு ஒரு ஆப்ஷன் சில சாஃப்ட்வேர்ல இருக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க, 13 கோடி பைட் அதிகமா இருக்கறப்ப அது நடக்கற காரியம் இல்ல. ரெண்டு அடுக்குல எழுதற டூயல் லேயர் டிவிடி 8.5 ஜிபி பிடிக்கும், ஆனா உங்க ரைட்டர் அத எழுதணும், பழைய மெஷின் ட்ரைவ் அதப் படிக்கணும், ரெண்டும் சரியா அமையணும். அதே லினக்ஸ்ல எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் மாதிரி லைட்டான எடிஷன் இருந்தா அத எடுங்க, பழைய மெஷினுக்கும் அது தான் நல்லது.

திருகாணி:
பிரிச்சு காப்பி பண்ற ஐடியா வேணாம், பூட் ஆகாது. ஏன்னு சொல்றேன், இது புரிஞ்சா அப்புறம் டிஸ்க் வீணாகாது. ஐஎஸ்ஓங்கறது ஃபைல்கள கட்டி வச்ச மூட்டை இல்ல, ஒரு டிஸ்க்ல முதல் செக்டர்ல இருந்து கடைசி வரைக்கும் என்ன இருக்கணுமோ அத அப்படியே வரிசை மாறாம எடுத்து வச்சது. ஒரு செக்டர் 2048 பைட். முதல் 16 செக்டர் சிஸ்டத்துக்குன்னு ஒதுக்கி விட்டிருப்பாங்க, 0ல இருந்து எண்ணினா 16வதுல டிஸ்க்கோட விவரம், 17வது செக்டர்ல பூட் ரெக்கார்டு, அதாவது எங்க இருந்து பூட் பண்ணணும்னு சொல்ற குறிப்பு. எல் டொரிட்டோன்னு 1995ல வந்த ஸ்டாண்டர்டு இது. பயாஸ் சிடி ட்ரைவ்ல பூட் பண்றப்போ ஃபோல்டர் ஃபைல்லாம் தேடாது, நேரா அந்த 17வது செக்டர தான் படிக்கும். நீங்க ஃபோல்டர்கள எடுத்து புது டிஸ்க்ல போட்டா ஃபைல் எல்லாம் வந்துடும், அந்த பூட் ரெக்கார்டு மட்டும் வராது.

ஐஎஸ்ஓவ அப்படியே இழுத்துப் போட்டு எழுதறதும் இதே கதி தான். எழுதின டிஸ்க்கத் தொறந்து பாருங்க, ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் இருந்தா தப்பா எழுதியிருக்கு, நிறைய ஃபோல்டரா தெரிஞ்சா இமேஜா எழுதியிருக்குன்னு அர்த்தம்.

கடல்நாரை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ப்ராப்பர்ட்டீஸ்ல பாத்தா 483 கோடி சொச்சம் தான் இருக்கு! எக்ஸ்எஃப்சிஇ எடிஷன் டவுன்லோட் போட்டிருக்கேன், அது 3 ஜிபிக்குள்ள தான். எழுதறதுக்கு முன்னாடி வேற ஏதாச்சும் பாக்கணுமா?

மெதுவாஎழுது:
முதல்ல செக்சம் பாருங்க, ஃபைல் கெடாம வந்திருக்கான்னு சரிபாக்கற எழுத்து வரிசை அது, தயவு செஞ்சு இத விட்டுடாதீங்க. டவுன்லோட் நடுவுல கெட்டுப் போயிருந்தா டிஸ்க் நல்லா எழுதி முடியும், இன்ஸ்டால் பாதில போய் நிக்கும், அப்போ ட்ரைவ் மேல சந்தேகம் ரேம் மேல சந்தேகம்னு சுத்திட்டே இருப்பீங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல செர்ட்யூட்டில் கமாண்டுக்கு ஹேஷ்ஃபைல் ஆப்ஷன், ஃபைல் பேரு, கடைசில எஸ்ஹெச்ஏ256னு குடுத்தா 64 எழுத்துல ஒண்ணு வரும். டவுன்லோட் பண்ண இடத்துல போட்டிருக்கறதோட அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும்.

அப்புறம் ஸ்பீட். விண்டோஸோட பர்னர்ல ஸ்பீட் மாத்த வழியில்ல, இம்க்பர்ன் சாஃப்ட்வேர்ல முடியும், லினக்ஸ் மெஷின் இருந்தா கே3பி சாஃப்ட்வேர். 4எக்ஸ்ல, அதாவது டிவிடியோட அடிப்படை வேகத்துக்கு நாலு மடங்குல எழுதுங்க, முழு டிஸ்க்கே கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். எழுதினதத் திரும்பப் படிச்சு சரிபாக்கற வெரிஃபை டிக் கண்டிப்பா போடுங்க, அது விண்டோஸ்லயும் இருக்கு.

பிட்பைட்:
செக்சம், வெரிஃபை ரெண்டும் நூத்துக்கு நூறு சரி. ஸ்பீட்ல மட்டும் கொஞ்சம் மாறுபடறேன். இப்ப வர்ற 16எக்ஸ் டிஸ்க்ல இருக்கற டையே (லேசர் எழுதற சாயப் பூச்சு) வேகமா எழுதறதுக்குன்னு செஞ்சது, ரொம்ப மெதுவா எழுதினா சில ட்ரைவ்ல எர்ரர் கூடத் தான் செய்யுது. 8எக்ஸ் வச்சா போதும். அதிகபட்ச ஸ்பீட் மட்டும் வேணாம், டிஸ்க்கோட வெளி ஓரத்துல தான் முதல்ல சொதப்பும்.

திருகாணி:
இன்னொண்ணு, அழிச்சு அழிச்சு எழுதற ஆர்டபிள்யூ டிஸ்க் வேணாம். அதோட ரிஃப்ளெக்ஷன் ரொம்ப கம்மி, லென்ஸ் வீக்கா இருக்கற பழைய ட்ரைவ் பல சமயம் திணறும். ஒரே தடவ எழுதற சாதா டிவிடி ஆர் போடுங்க. அந்த டெஸ்க்டாப்ல இருக்கறது டிவிடி ட்ரைவ் தானான்னும் ஒரு தடவ பாத்துக்கோங்க, சிடி மட்டும் படிக்கற ட்ரைவா இருந்தா கதையே வேற.

கடல்நாரை:
டிவிடி ட்ரைவ் தான், முன்னாடி லோகோ இருக்கு. செக்சம் ஒத்துப் போச்சு, இம்க்பர்ன்ல 8எக்ஸ் வச்சு எழுதினேன், வெரிஃபையும் பாஸ். பூட் மெனுல சிடி ட்ரைவ செலக்ட் பண்ணதும் லினக்ஸ் மெனு வந்துடுச்சு, இப்ப இன்ஸ்டால் ஓடிட்டிருக்கு. ரொம்ப நன்றி நண்பர்களே 🙏