கானா வீடியோவில் சத்தம் போன கதை: வடசென்னை அனுபவங்கள்

புளியந்தோப்பிலிருந்து:

வடசென்னைத் தெருப்பாட்டான கானாவை நேரில் கேட்டவரும் வீடியோவில் மட்டும் கேட்டவரும் ஒரே பாட்டைக் கேட்கவில்லை என்பது என் கட்சி. ஏன் என்று கேட்டால் எங்கள் தெருவில் நடந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

தெருப் பெரியவர் ஒருவர் தவறிப்போனார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அப்புறம் மேஸ்திரியாகி, வயதாகி வீட்டோடு இருந்தவர். பதினாறாம் நாள் படத்திறப்புக்குக் கானா வைத்திருந்தார்கள். தெருவை மறித்து ஷாமியானா, முனையில் அவர் படம் போட்ட பேனர், அதில் பேரப்பிள்ளைகள் வரைக்கும் எல்லோருடைய போட்டோவும். பாட வந்தவர் மேடைப் பக்கமே போகவில்லை. நேராக வீட்டுக்குள் போய், பெரியவரின் மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, போனை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"பெரிய பொண்ணு பேரு சொல்லும்மா. மாப்ள இன்னா பண்றாரு? பேரப் பசங்கள்ல யாரு மேல ஆசை? கோவம் வந்தா இன்னா சொல்லித் திட்டுவாரு?"

முன்பெல்லாம் சிகரெட் அட்டையைப் பிரித்து உள்பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். இப்போது போனில் நோட்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசிக் கேள்விக்கு அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுத முடியாது.

அந்த வார்த்தை ராத்திரி பாட்டில் வந்தது. முதலில் தாளமே இல்லாமல் தொகையறாவாக இழுத்து, மகள்கள், மருமகன்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று பேரையெல்லாம் கோத்துக்கொண்டே வந்தார். டோலக் விழுகிற இடத்தில் கச்சிதமாக அந்தத் திட்டைப் போட்டார். தெரு எழுந்துவிட்டது. அதுவரை அழுத பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரிய மாப்பிள்ளை நேராகப் போய்ப் பாடகர் சட்டையில் நூறு ரூபாய் குத்தினார். அந்தத் திட்டை அதிகம் வாங்கியவர் அவர்தானாம்.

இரண்டாவது மகன் துபாயில் இருக்கிறார். சாவுக்கும் லீவு கிடைக்கவில்லை, காரியத்துக்கும் கிடைக்கவில்லை. அவருக்காக நேரலை போட்டிருந்தார்கள். அவருடைய மச்சான், ஸ்டாண்டில் போனை மாட்டி மேடைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். நடுவில் பாடகர் கூட்டத்தை விட்டுவிட்டு அந்தப் போனைப் பார்த்துக் கும்பிட்டு, மகன் பேரைச் சொல்லி ஒரு சரணம் பாடினார். டெக்னாலஜி என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்தச் சரணம்தான்.

மறுநாள் பார்த்தால் வீடியோவில் பாதிக்கு மேல் சத்தமே இல்லை. வாய் அசைகிறது, டோலக்கில் கை விழுகிறது, ஒன்றும் கேட்கவில்லை. உரிமைப் பிரச்சினை என்று ஒரு வரி அறிவிப்பு. மகன் பேர் வந்த சரணமும் அதில் போய்விட்டது. மெட்டு பழைய சினிமாப் பாட்டு மெட்டு. இந்தத் தளங்களில் உரிமைக்காரர்கள் கொடுத்த ஒவ்வொரு பாட்டுக்கும் கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார்கள். யார் எதை ஏற்றினாலும் இயந்திரம் அதோடு ஒத்துப் பார்க்கிறது. அசல் ஒலிப்பதிவைப் போட்டால்தான் மாட்டுவோம் என்று இல்லை, வேறு ஆள் வேறு வரியில் பாடினாலும் மெட்டு ஒத்துப்போனால் பிடித்துவிடும். நம் பெரியவரைப் பற்றிய வரி அதற்கு எப்படித் தெரியும்?

சினிமா மெட்டில் ஏன் பாடுகிறார்கள், சொந்த மெட்டு போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வரி முழுக்கப் புதுசு, அதுவும் சாயங்காலம் கேட்டு ராத்திரி பாட வேண்டியது. மெட்டு ஏற்கெனவே காதில் இருந்தால்தான் வார்த்தை ஏறும், கூட்டமும் கூடப் பாடும். அப்புறம், கொடுத்ததும் வாங்கியதும் ஒரு பக்கமாக நடந்ததா என்ன? தேவா தொண்ணூறுகளில் கானாவைச் சினிமாவுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடித் திரையிலும் வந்தார். 2012இல் 'அட்டகத்தி' வந்தபின் கானா பாலாவைத் தெரியாத ஆள் தமிழ்நாட்டில் இல்லை. தெருவில் எத்தனையோ பேர் பாடிப் பாடிப் பழக்கிய பாணி அது. அவர்கள் யாரும் சினிமாக் கம்பெனி மேல் உரிமை கேட்டுப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

உங்கள் பக்கம் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்.


ராயபுரத்திலிருந்து:

நானும் என் தம்பியும் கல்மண்டபம் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறோம். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த காலத்திலிருந்து இருக்கிற கடை. இரண்டு ஜிபி கார்டு என்றால் நானூறு பாட்டு வரும். கம்ப்யூட்டரில் 'சோகம்', 'குத்து', 'அம்மா', 'கானா', 'சாமி' என்று தனித்தனி ஃபோல்டர் போட்டு வைத்திருந்தோம். 2016இல் ஜியோ வந்தது, அந்த வியாபாரம் முடிந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடலாம் என்றான் தம்பி.

போட முடியவில்லை. காரணம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விசைப்படகில் போகிறவர்கள் நாள் கணக்கில் கடலில் இருப்பார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் செத்துவிடும். ஊரெல்லாம் பாட்டை ஆன்லைனில் கேட்டால் இவர்களுக்கு இன்னும் கார்டுதான். போகும் முன்னால் கடைக்கு வந்து, "அக்கா, சோகப் பாட்டு கம்மியா ஏத்து, ராத்திரி வலை இழுக்கும்போது தூக்கம் வருது" என்பார்கள். போனைப் பார்த்தாலே படகுக்காரர் போன் என்று தெரிந்துவிடும். சார்ஜர் சொருகுகிற ஓட்டையில் உப்பு ஏறிப் பச்சை பூத்திருக்கும். ஸ்பிரிட்டில் பிரஷ்ஷைத் தொட்டு தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது பாட்டு ஏற்ற யாரும் வர மாட்டார்கள், ரிப்பேர்தான்.

அப்படி வந்த ஒருவர் ஒரு கானாவைப் போட்டுக் காட்டி, இதே மாதிரி ஏற்றிக் கொடுங்கள் என்றார். பாடியது பெண். இசைவாணி. எங்கள் ராயபுரத்துப் பெண் என்று நான் சொன்னதும் அவர் நம்பவில்லை. 2020இல் பிபிசி தேர்ந்தெடுத்த 100 பெண்களில் ஒருவர் என்று காட்டினேன். "பிபிசி இருக்கட்டும்க்கா, எந்தத் தெரு?" என்றார். அவருக்கு அதுதான் முக்கியம்.

கானா ஆண்கள் சமாச்சாரம் என்று எப்படி ஆனது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. என் ஆயா ஒப்பாரிக்கு உட்கார்ந்தால் செத்தவருடைய முழுக் கதையும் வரும், யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பது உட்பட. மேலே எழுதியவர் சொன்ன பாடகர் என்ன செய்கிறாரோ அதையேதான் ஆயாவும் செய்தார். டோலக் கிடையாது, மைக் கிடையாது, நூறு ரூபாயும் கிடையாது. வீடியோவும் யாரும் எடுக்கவில்லை. அவர் குரல் எங்களிடம் எதிலும் இல்லை.


வியாசர்பாடியிலிருந்து:

நான் வீடியோ எடுப்பவன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, படத்திறப்பு எல்லாம் எடுப்பேன். அதனால் புளியந்தோப்பு அண்ணன் சொன்னதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். வீடியோவில் கேட்டால் வேறு பாட்டு என்கிறீர்கள், சரி. ஆனால் வீடியோ வருவதற்கு முன்னால் கானா பாடியவர்களில் எத்தனை பேருடைய பேர் உங்களுக்குத் தெரியும்? பாட்டு இருக்கும், பாடினவன் பேர் இருக்காது. இன்றைக்குப் பதினெட்டு வயசுப் பையன் தன் பேரைப் பாட்டுக்குள்ளேயே ஒரு வரியாக வைத்துப் பாடி ஏற்றுகிறான். அந்த வரியை யாரும் வெட்ட முடியாது. புத்திசாலி.

எனக்கு வருத்தம் வேறு. எல்லோரும் இப்போது போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கச் சொல்கிறார்கள், ரீல்ஸுக்கு வேண்டுமாம். டிக்டாக்கை 2020 ஜூனில் தடை செய்தார்கள், பழக்கம் மட்டும் தடையாகவில்லை. அரை நிமிஷத்தில் ஆள் தள்ளிவிட்டுப் போய்விடுவார் என்ற பயத்தில் பாடகர்கள் தொகையறாவையே விட்டுவிட்டு நேராகப் பல்லவிக்கு வருகிறார்கள். டோலக் எப்போது விழும் என்று காத்திருக்கிற சுகம் போய்விட்டது. அந்தத் திட்டு வார்த்தை முதல் வரியிலேயே வந்திருந்தால் உங்கள் தெரு எழுந்திருக்குமா?

இன்னொன்று. எங்கள் கேரம் கிளப்புக்கு ஒரு சேனல்காரர்கள் வந்தார்கள். வாசலில் பைக்கை நிறுத்தியதுமே, "ப்ரோ, இங்க ரொம்ப டேஞ்சராமே?" என்று கேமராவைப் பார்த்துப் பேச்சு. உள்ளே ஐந்தாவது படிக்கிற பொண்ணு ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை. எங்கள் பையன்கள் நாலு பேரை வரிசையாக நிற்க வைத்து, "கெத்தா நடந்து வாங்க, லுக்கு விடுங்க" என்றார்கள். ஒருவன் ஃபார்மசி கடையில் வேலை, ஒருவன் பி.காம். இரண்டு பேரும் லுக்கு விட்டார்கள், என்ன செய்வது. வீடியோ வந்தபோது பின்னால் கானா ஓடியது. யார் பாடியது என்று போடவில்லை. தலைப்பில் 'ரவுடி' இருந்தது.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இசைக்குழு. சாதியை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசர் சொன்ன 'சாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்த பேர். சாவு வீட்டில் மட்டும் பார்த்திருந்த சட்டி, கட்ட மோளம் என்கிற மேளங்கள் எலெக்ட்ரிக் கிடாருக்குப் பக்கத்தில் லைட் வெளிச்சத்தில் இருந்தன. என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இத்த அடிச்சா வெளிய நில்லுன்னு சொன்னவன்லாம் இன்னிக்கு முன்னாடி வந்து நிக்கிறான்" என்றார். அன்று எடுத்த வீடியோவில் என் தலை தெரிகிறது. அதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு சந்தேகம்: அந்தத் துபாய் மகனுக்குக் கடைசியில் பாட்டு போய்ச் சேர்ந்ததா?


புளியந்தோப்பிலிருந்து:

போய்ச் சேர்ந்தது. மைக்செட்காரருடைய மிக்சரில் பென்டிரைவ் சொருக இடம் இருந்திருக்கிறது. அவர் பழக்கமாக எல்லா நிகழ்ச்சியையும் பதிவு செய்து வைப்பாராம். நேராக மைக்கிலிருந்து வந்த சத்தம், ஃபேன் இரைச்சல்கூட இல்லை. வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினார்கள். மகன் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "அந்தத் திட்டை யாருடா சொல்லிக் கொடுத்தது?" அம்மாதான் என்று யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

தொகையறா விஷயத்தில் வியாசர்பாடித் தம்பி சொல்வது சரி. பாடகரைப் பிறகு டீக்கடையில் பார்த்தபோது, நேரலைக்காகவாவது சொந்த மெட்டில் பாடலாமே என்று கேட்டேன். "சொந்த மெட்டு கீதுண்ணா. ஆனா செத்தவருக்குப் புடிச்ச பாட்டு இன்னான்னு அந்த அம்மாவ கேட்டேன், இந்த மெட்டத்தான் சொன்னாங்க" என்றார். அதற்குமேல் நான் என்ன பேசுவது? டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

ராயபுரம் அக்காவுக்கு: ஆயா பாடிய வரிகள் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், அவர்களைப் பாட வைத்து உங்கள் கடையிலேயே பதிவு செய்யுங்கள். ஒப்பாரி மெட்டுக்கு எந்தக் கம்பெனியும் உரிமை கேட்டு வராது. பாக்கி வைத்தவர்கள் வேண்டுமானால் வருவார்கள்.