தியூத்தேலில் இருக்கும் தம்பி எங்கே வாழ வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

கேள்வி: காரைக்கால் பெண், செந்த் ஆந்த்ரே

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் காரைக்காலிலிருந்து வந்து பிரான்சின் பகுதியான ரியூனியன் தீவில் குடியேறிய குடும்பம். என் தம்பிக்கு வயது 34. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர். எட்டு மாதங்களுக்கு முன்பு அம்மா காலமாகும் வரை அவர்கள் இருவரும் வாடகை வீடொன்றில் ஒன்றாக இருந்தார்கள். நான் அப்போது ஐரோப்பாவிலுள்ள பிரான்சில் இருந்ததால், தம்பியின் தியூத்தேல், அதாவது முழுப் பாதுகாவல், நீதிமன்றம் நியமித்த தொழில்முறைப் பாதுகாவலர் ஒருவரிடம் போய்விட்டது.

அவர் இப்போது அந்த வீட்டை ஒப்படைத்துவிட்டு, தீவின் தெற்கே சேன் பியேர் பக்கம் உள்ள ஒரு விடுதி இல்லத்தில் தம்பியைச் சேர்க்கப் போவதாகச் சொல்கிறார். தம்பியோ "நான் போக மாட்டேன்" என்ற ஒரே சொல்லில் நிற்கிறார்.

அவரால் முடிந்ததையும் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். சோறு ஆக்குவார், மின்சாரக் குக்கரின் உள்பாத்திரத்தில் அம்மா நகச்சாயத்தால் போட்டுவைத்த சிவப்புக் கோடு வரை தண்ணீர் ஊற்றுவார், ஒரு சொட்டுக்கூட மிகாது. சந்தைக்குத் தனியாகப் போய் வருவார். கீரை விற்கும் அம்மாளுக்கு அவரைத் தெரியும், மீதிச் சில்லறையை அந்த அம்மாளே எண்ணி இவர் கையில் வைப்பார். ஆனால் தபாலில் வரும் கடிதங்களைப் படிக்கத் தெரியாது. ஒருமுறை தெருவில் பழக்கமான ஒருவர் கேட்டார் என்று வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்து 300 யூரோவை இழந்தார். அடுப்பை அணைக்க மறந்ததும் உண்டு.

பாதுகாவலருக்கு இப்படி முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா? நான் எதிர்த்தால் அது தம்பிக்கு நன்மையா, அல்லது அம்மாவின் வீடு போய்விடுமே என்ற என் தவிப்பா என்பதும் எனக்கே விளங்கவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற எழுத்தர், சேன் தெனி

அன்புள்ள சகோதரிக்கு, நான் நீதிமன்ற அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். இங்கே பெரும்பாலோர், பாதுகாவலர் என்றால் வீட்டுப் பெரியவர் மாதிரி, அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பின் 459-2ஆம் பிரிவின்படி, பாதுகாப்பில் உள்ளவர் தாம் வாழும் இடத்தைத் தாமே தெரிவு செய்கிறார். யாரோடு பழகுவது, யாரைப் பார்ப்பது என்பதும் அவர் விருப்பமே. சிக்கல் எழுந்தால் தீர்ப்பது நீதிபதி, பாதுகாவலர் அல்லர்.

வீட்டைப் பொறுத்தவரை 426ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. இயன்றவரை அவருடைய குடியிருப்பையும் அதிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்களையும் காப்பாற்றி வைக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை முறிக்க நீதிபதியின் அனுமதி தேவை. ஓர் இல்லத்தில் சேர்ப்பதற்காக முறிப்பதாக இருந்தால், அந்த இல்லத்தில் வேலை பார்க்காத மருத்துவர் ஒருவரின் கருத்தை முன்கூட்டியே பெற வேண்டும். இறுதியில் இடம் மாறியே தீர வேண்டும் என்றாலும், அவருடைய நினைவுப் பொருள்களும் சொந்தப் பொருள்களும் அவருக்கே கிடைக்கும்படி வைக்கப்பட வேண்டும் என்கிறது அதே பிரிவு. உங்கள் அம்மா கோடு போட்ட பாத்திரத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே இப்போதே நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதைவிட, தம்பி பெயரிலேயே எழுதி அவரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீதிபதி அவரை நேரில் கேட்கும்போது, நீதிபதி சம்மதித்தால் அவர் விரும்பும் ஒருவர் உடனிருக்கலாம். தம்பிக்குத் தமிழும் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலும்தான் சரளம் என்றால் அதையும் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்; பிரெஞ்சில் கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தத் தலையாட்டல் பதிவேட்டில் சம்மதமாகவே ஏறிவிடும்.

பதில்: ஒரு மகளின் தாய், சேன் போல்

ஐயா சொன்ன சட்டம் சரி. ஆனால் சட்டம் தெரிந்ததனால் மட்டும் நான் பட்ட பாட்டைத் தவிர்த்திருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். என் மகளும் தியூத்தேலில் இருப்பவள். கட்டுப்பாடு குறைந்த வாழ்க்கை என்றால் தனி வீடு, தனிச் சாவி என்றே நானும் எண்ணி, இருபத்தெட்டு வயதில் அவளை ஓர் அறை கொண்ட வீட்டில் குடிவைத்தேன். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் வந்து பார்த்துப் போனார். நான்கு மாதங்களில் பிள்ளை இளைத்துப்போனாள். சமைக்கத் தெரியும், ஆனால் தனக்கு மட்டும் சமைக்க மனம் வரவில்லை. யாருடனும் பேசாமல் தொலைக்காட்சியின் முன்னாலேயே கிடந்தாள். அங்கே பூட்டு ஒன்றும் இல்லை, ஆனாலும் அவள் அடைபட்டுத்தான் இருந்தாள்.

பிறகு 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தது. புயலுக்கான உச்ச எச்சரிக்கையான வயலெட் எச்சரிக்கை அறிவித்துவிட்டால் மீட்புப் பணியாளர்களே வெளியே வரக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். எச்சரிக்கை வருமுன் நான் போய் அவளை அழைத்து வந்ததால் தப்பித்தோம். வீட்டு உதவியாளர் வராத நாளில் யார் வருவார் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாமல் எந்த ஏற்பாட்டுக்கும் சம்மதிக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் கரான்ஸ் புயல் அடித்தபோது வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவர்கள் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் பட்ட துன்பத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இப்போது அவள் பகிர்ந்து வாழும் வீடு ஒன்றில் இருக்கிறாள். 2018ஆம் ஆண்டின் எலான் என்ற வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது; ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிச் சாவி, நடுவில் ஒரு பொது அடுக்களை, வீட்டு வாழ்க்கையை ஒருங்கிணைக்க ஓர் ஆள். ஞாயிற்றுக்கிழமை யார் கோழிக் கறி வைப்பது என்று அவர்களுக்குள் சண்டையே நடக்கும். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதி.

பதில்: துணைச் சேவைப் பணியாளர்

அக்கா, நான் சமூக வாழ்வுத் துணைச் சேவையில், நாங்கள் சாவ்ஸ் என்று சொல்லும் பிரிவில், வேலை பார்க்கிறேன். விடுதியா, தனி வீடா என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பேச்சு அங்கேயே முட்டி நின்றுவிடும். உங்கள் தம்பிக்கு எந்த வேலையில், எந்த நேரத்தில், எவ்வளவு துணை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: சோறும் சந்தையும் அவர் வசம், கடிதமும் வங்கி அட்டையும் அடுப்பும் அவர் வசம் இல்லை. கடிதமும் கணக்கும் பாதுகாவலரின் வேலை. அட்டைக்குப் பதில், வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்த பணமெடுக்கும் அட்டை கேட்டு வாங்கலாம். ஏமாந்தாலும் ஒரு வாரப் பணத்தோடு போகும். எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு, தானே அணையும் மின்சார அடுப்பு வைக்கலாம். 300 யூரோ போனதற்காக ஒருவரை ஊரைவிட்டே அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

துணை ஆளுக்கான செலவுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளி இல்லமான எம்.டி.பி.ஹெச்.சில் பி.சி.ஹெச். உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 2023 ஜனவரி முதல் மனநல, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, தன்னிச்சையாக வாழத் துணை என்ற தலைப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று மணி நேரம் வரை அதில் கேட்க முடியும். விண்ணப்பத்தில் வாழ்க்கைத் திட்டம் என்றொரு பகுதி உண்டு. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். தம்பி சொல்வதை அவர் சொல்லிலேயே அங்கே எழுதுங்கள். முடிவு வர மாதங்கள் ஆகும், அதுவரை வாடகை ஒப்பந்தம் முறியாமல் இருப்பதுதான் முதல் வேலை.

சேன் போல் அம்மா சொன்ன தனிமையை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் ஒன்றைச் சேர்க்கிறேன். தம்பி "போக மாட்டேன்" என்பது பார்க்காத இடத்தைப் பற்றிய சொல். பகிர்ந்து வாழும் வீட்டையும், முடிந்தால் அந்த விடுதியையும்கூட, இரண்டு மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டு வரட்டும். திரும்பி வந்தபின் "வேண்டாம்" என்று சொன்னால் அந்த "வேண்டாம்" கனமானது. தியூத்தேல் அவருக்கு மிகையாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 442ஆம் பிரிவின்படி, மருத்துவச் சான்றோடு கேட்டால் நீதிபதி அதைக் க்யூராத்தேலாக, அதாவது பகுதிப் பாதுகாவலாக, தளர்த்தலாம். அம்மா இருந்த காலத்தில் எழுதிய மருத்துவ அறிக்கையை வைத்துக்கொண்டு இன்றைய மனிதரை அளக்கிறார்களோ என்று எனக்கு ஐயம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தம்பி பெயரில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். கையெழுத்துப் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. நான் பேனாவைப் பிடிக்க முயன்றபோது என் கையைத் தள்ளிவிட்டார். பாதுகாவலரிடம் 426ஆம் பிரிவைச் சொன்னதும், நீதிபதி சொல்லும் வரை வீட்டை ஒப்படைக்க மாட்டேன் என்று மின்னஞ்சலில் எழுதித் தந்திருக்கிறார். அவரையும் குறை சொல்ல மனமில்லை, அவர் மேசையில் எத்தனை கோப்புகளோ.

அடுத்த வாரம் பகிர்ந்து வாழும் வீடு ஒன்றைப் பார்க்கப் போகிறோம். குக்கரை எடுத்துவரலாமா என்று அங்கே கேட்டுச் சொல் என்கிறார் தம்பி. சேன் போல் அம்மா, உங்கள் மகள் இருக்கும் வீட்டில் அதற்கு அனுமதி உண்டா?

பதில்: ஒரு மகளின் தாய், சேன் போல்

உண்டு அம்மா. அந்த அடுக்களையில் இப்போதே மூன்று குக்கர்கள் இருக்கின்றன.