புதுப்பிப்பு: ஆத்தாவோடு ஸ்காட்லாந்து மலைநாடு, ஸ்கை தீவு போய் வந்தாயிற்று

மூட்டுவலிக்கார ஆத்தாவை எடின்பரோவிலிருந்து கிளம்பும் மூன்று நாள் சிறு பஸ் சுற்றுலாவில் கூட்டிப் போகலாமா, இல்லை கார் எடுப்பதா என்று ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஜூனில் போய்விட்டு, போன வாரம்தான் காரைக்குடி திரும்பினோம்.

பஸ்தான் சரி. முன்சீட்டை முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொன்னவருக்குத் தனி நன்றி, வளைவுப் பாதையில் ஆத்தாவுக்குத் தலை சுற்றவே இல்லை. கிளென்கோ என்ற இடத்தில் வண்டியை விட்டு இறங்கி நின்றாலே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. ஆனால் ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறைக்கு ஏற்றம் அதிகம், நான் மட்டும் ஏறினேன்.

எதிர்பாராதது இரண்டு. மல்லேக் துறைமுகத்திலிருந்து ஸ்கை தீவிலுள்ள ஆர்மடேலுக்குக் கப்பலில் போவதாக இருந்தது, காற்றால் ரத்தாகிவிட்டது. 1995-இல் திறந்த ஸ்கை பாலம் இருப்பதால் தீவுக்குப் போவது தடைபடவில்லை, கட்டணமும் கிடையாது, என்ன, கொஞ்சம் சுற்று. அப்புறம் மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி. காற்று நின்ற சாயங்காலம், ஆத்தாவின் டீயில் மிளகுப்பொடி தூவியதுபோல் மிதந்தன. "நம்மூர் கொசுவே தேவலைடா" என்றார்கள். பூச்சிக்குத் தலையில் மாட்டும் வலை வாங்கச் சொன்னதை நான்தான் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட்டேனே, மணகோலம் (எங்கள் செட்டிநாட்டுப் பலகாரம்) ஒரு டப்பா கொண்டுபோனது போதாமல் போய்விட்டது, பாதியை பஸ்காரர்களே காலி செய்தார்கள். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் கண்ணை மறைக்க ஒரு துணி எடுத்துப் போங்கள்.